மூன்று கால் ஆகாத தோப்பு

ரஞ்சித்குமாருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்ட கதையை, அவர் வேலை பார்க்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பைக்கிலிருந்து விழுந்துவிட்டார் என்றார்கள். பெண்டாட்டி அடித்துவிட்டாள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. மருந்து ஜன்னலுக்குப் பின்னால் கழுத்துப் பட்டையோடு நின்று, தலையைத் திருப்ப முடியாமல் மொத்த உடம்பையும் திருப்பி, "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொல்கிற மனிதரைப் பார்த்தால் யாருக்குத்தான் கற்பனை ஓடாது? ஒரு கேமராவைத் தூக்கியதால் வந்த வலி என்று அவர் உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

கேமராவின் மேல் தப்பில்லை. அதன் முன்னால் மாட்டியிருந்த லென்ஸ்தான் வில்லன். ஒரு முழத்துக்கு மேல் நீளம், சின்னப் பீரங்கி மாதிரி இருக்கும். இரண்டும் சேர்ந்து ஐந்தேகால் கிலோ. பெங்களூரில் ஓய்வுபெற்ற ஒருவர், "தோள்பட்டை போயிடுச்சு, அதனாலதான் விக்கறேன்" என்று சொல்லியேதான் அதைக் கொடுத்தார். ரஞ்சித்குமார் அந்த வார்த்தையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆசை கண்ணை மறைத்திருக்கும்போது காது மட்டும் தனியாக என்ன வேலை செய்துவிடும்?

வீட்டுக்கு வந்த அன்று யுவராணி அதைக் கையில் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்தாள்.

"நம்ம ரெண்டு புள்ளைங்களையும் பொறந்தப்ப சேத்துத் தூக்கியிருந்தாக்கூட இவ்ளோ கனம் இருந்திருக்காதுங்க."

"இது தூக்கறதுக்கு இல்ல யுவா. பாக்கறதுக்கு."

"பாக்கணும்னா தூக்கணுமில்ல?"

அவள் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். அவளிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த வீட்டில் கிடையாது.

இத்தனை கனத்தைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு ஒரு காரணம் இருந்தது. இருபது வருடமாகப் பறவைகளைப் படம் பிடிக்கிறார். உட்கார்ந்திருக்கும் பறவை அவரிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பறவை எழும்பிப் போன பிறகு ஆடிக்கொண்டிருக்கும் வெறும் கிளையும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு நொடி மட்டும் அவருக்குச் சிக்கியதே இல்லை. அவர் விரல் அழுத்துவதற்கு முன்னால் பறவைக்கு எப்படியோ தெரிந்துவிடும். பறக்கத் தெரிந்ததைத்தான் பிடிக்க முடியவில்லை, பறக்கத் தெரியாத ஒன்றையாவது பிடித்துவிடலாம் என்று அவர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

அந்த ஒன்று இண்டூருக்கு மேற்கே, பெரியம்மாள் என்பவளின் மாந்தோப்பை ஒட்டிய பாறைக் கரட்டில் இருந்தது. பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை ஒரே ஒரு குஞ்சு பொரித்திருந்தது. பஞ்சு உருண்டையாக, எப்போதும் கோபமான முகத்தோடு அது வளர்ந்துகொண்டிருந்தது. ஆறேழு வாரத்தில் ஒரு நாள் அந்தப் பாறை விளிம்பிலிருந்து முதல் முறையாகச் சிறகை விரிக்கும். ஒரு பிராணி தன் ஆயுளில் ஒரே தடவை செய்கிற காரியம். அதை அவர் பிடித்துவிட வேண்டும். தோப்பின் கடைசி மரத்தடியிலிருந்து பார்த்தால் அந்த விளிம்பு நேராகத் தெரியும். வேறு எங்கிருந்து பார்த்தாலும் முள்ளும் பாறையும் மறைக்கும்.

முதல் நாள் காலை அந்த மரத்தடியில் முக்காலி ஸ்டாண்டை விரித்து, பீரங்கியை மேலே ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பத்தே நிமிஷத்தில் அவரைச் சுற்றி எட்டு பெண்கள் நின்றார்கள். நான்கு பேர் கையில் களைக்கொட்டு இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஊருக்கு இப்படித்தான் சிலர் வந்தார்கள். மூன்று கால் கருவியை நிறுத்தினார்கள், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள், நோட்டில் எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். மறு வாரம் பெரியம்மாளின் கிணற்றோரம் கல் நட்டார்கள். பெரிய ரோடு வருகிறது, தோப்பு போகிறது என்றார்கள். பிறகு ரோடும் வரவில்லை, வராது என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த ஊரில் மூன்று கால் உள்ள எதைக் கண்டாலும் ஜனங்கள் களைக்கொட்டைத் தூக்கிவிடுவார்கள்.

பெரியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நேராக வந்தவள், ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னத் தூக்கிப் போட்டுட்டு அளந்துக்க," என்றாள்.

"அளக்க வரலீங்க. அந்த ஆந்தையப் படம் எடுக்க வந்தன்."

"கோட்டானப் போயி யாராச்சும் படம் எடுப்பாங்களா? கத சொல்றதுக்கு வேற ஆளப் பாரு."

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று நிரூபிக்க ரஞ்சித்குமார் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதில் அரசு முத்திரையைப் பார்த்ததும் களைக்கொட்டுகள் இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரத்துக்கு வந்தன. நல்ல வேளையாகக் கூட்டத்தில் ஒருத்தி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏக்கா, இவுரு மாத்திரக்காரரு. எங்க மாமனாருக்குச் சக்கர மாத்திர குடுக்கறவரு."

சர்க்கரை மாத்திரை அன்றைக்கு அவர் மானத்தைக் காப்பாற்றியது. பெரியம்மாள் மெதுவாக எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"அப்பிடின்னா வாங்க சார், போங்க. அது எலியத் திங்குது, எனக்கு நல்லதுதான். எவ்ளோ வேணாலும் பாருங்க. ஆனா மூணு காலு எம் மண்ணுல நிக்கக் கூடாது."

"ஒத்தக் கால் குச்சி ஒண்ணு இருக்குதுக்கா. அத வேணா..."

"குச்சியுந்தான் அவனுங்க கொண்டாந்தானுங்க. செவப்பும் வெள்ளையும் பட்ட போட்டது. அதுவும் வேணாம்."

ஆக, ஐந்தேகால் கிலோவைத் தரையில் எதையும் ஊன்றாமல், ஆடாமல் அசையாமல், காலையில் இரண்டு மணி நேரமும் சாயங்காலம் இரண்டு மணி நேரமும் தாங்கிப் பிடிக்க வேண்டும். ரஞ்சித்குமார் முதலில் கழுத்தை நம்பினார். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிப் பத்து நாள் நின்றார். பதினோராம் நாள் காலை பல் தேய்க்கும்போது தலை இடது பக்கம் போய், அங்கேயே நின்றுவிட்டது. எலும்பு டாக்டர் மூன்று வாரத்துக்குப் பட்டை போட்டு, "இன்னொரு தடவ இதக் கழுத்துல மாட்டுனீங்கன்னா கை மரத்துப் போயிரும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

அடுத்து முழங்காலை மடக்கி அதன்மேல் முழங்கையை ஊன்றிப் பார்த்தார். கை நடுங்கி, படத்தில் ஆந்தைக்கு நான்கு கண் விழுந்தது. பிறகு தலையணை உறையில் மூன்று கிலோ கேழ்வரகு நிரப்பித் தைத்து, ஒரு பாறைமேல் போட்டு அதில் லென்ஸைப் படுக்க வைத்தார். குழந்தை மெத்தையில் புதைகிற மாதிரி அழகாகப் புதைந்தது. ஒரு நாள் முழுக்க ஆனந்தமாக இருந்தது. மறுநாள் பெரியம்மாளின் கோழிகள் உறையின் மூலையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தன. அதற்கு அடுத்த நாள் அவர் பைக் சத்தம் கேட்டதுமே தோப்பில் உள்ள அத்தனை கோழியும் வரிசையாக ஓடிவந்தன. அப்படி ஒரு வரவேற்பு அவருக்கு மாமியார் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யுவராணியின் தோளைக் கடன் கேட்டார். பாவம் என்று அவளும் வந்து முன்னால் உட்கார்ந்தாள். அவள் தோள்மேல் பீரங்கி ஏறியது.

"கொஞ்சம் மூச்ச அடக்கிக்க யுவா. ஆடுது."

"எவ்ளோ நேரத்துக்குங்க?"

"அது பறக்கற வரைக்கும்."

யுவராணி எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

இதற்குள் குஞ்சின் பஞ்சு உதிர ஆரம்பித்திருந்தது. விளிம்புவரை நடந்துவந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மிஞ்சினால் ஒரு வாரம், பத்து நாள். ரஞ்சித்குமாருக்கு ராத்திரியில் தூக்கம் கெட்டது. பகலில் மாத்திரை எண்ணிக்கை தப்பியது.

வழி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தது. ஒரு தாய் ஜன்னல் கம்பியில் புடவைத் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள். உள்ளே குழந்தை அந்தப் பக்கம் புரண்டது, இந்தப் பக்கம் புரண்டது, தலையைத் தூக்கியது. பாரம் முழுக்கக் கம்பியில். தாய் இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ரஞ்சித்குமார் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் நின்றவர்கள் சத்தம் போடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே யுவராணியின் பழைய நூல் புடவை மாமரக் கிளையில் ஏறியது. லென்ஸ் அதில் நீளவாக்கில் படுத்தது. ஒரு நுனியில் கண்ணாடி வெளியே நீட்டியது, மறு நுனியில் கேமரா. ஒரு விரலால் தள்ளினால் திரும்பியது, விரலை எடுத்தால் நின்றது. பெரியம்மாள் வந்து தூளியைப் பார்த்தாள், குனிந்து தரையைப் பார்த்தாள்.

"காலே இல்லியே. சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சுகத்தைச் சொல்லி முடியாது. கல்லின் மேல் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு கையில் டீ டம்ளரோடு அவர் ஆந்தையைப் பார்த்தார். குஞ்சின் கண்ணில் மேகம் தெரிகிற அளவுக்குப் படம் தெளிவாக வந்தது. கழுத்து, தோள், கை எதுவும் தன்னிடம் இருப்பதாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. உலகத்தில் இத்தனை கம்பெனிகள் எத்தனையோ பட்டையும் பெல்ட்டும் செய்து விற்கின்றன, ஒருத்தனுக்குமா இது தோன்றவில்லை என்று மனதுக்குள் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டார்.

ஒரு தப்பு செய்தார். போகும்போது லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு தூளியை மரத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

மரத்தில் வெறும் தூளி தொங்கினால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குழந்தை வேண்டிக் கட்டியது. யார் கட்டியது என்று கேட்டவர்களுக்குப் பெரியம்மாள் பொய் சொல்லவில்லை. மாத்திரைக்கார சார் கட்டினார் என்றாள். புடவை யாருடையது என்றால், டீச்சருடையது என்றாள். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.

நான்காம் நாள் யுவராணியின் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் அமுதவல்லி, ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்த் துண்டுகள்.

"வாய்க்கு நல்லாருக்கும் டீச்சர்," என்று தணிந்த குரலில் சொன்னாள். "படி ஏறும்போது பாத்து ஏறுங்க."

யுவராணிக்கு நாற்பத்து நான்கு வயது. மூத்தவன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஆஸ்பத்திரியிலும் நிலைமை சுகமாக இல்லை. "மூணு வேளை" என்று ரஞ்சித்குமார் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று ராத்திரி யுவராணி மாங்காய்ப் பொட்டலத்தை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கே அத அவுத்துருங்க."

"அது நாளைக்கு, நாளான்னைக்குப் பறந்துரும் யுவா. இன்னும் ரெண்டே நாள். இது போச்சுன்னா போனதுதான்."

யுவராணி பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். இருபது வருடமாக வெறும் கிளைப் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கும் முகத்தை அவளுக்குத் தெரியும்.

"சரி. ஆனா நானும் வரன்," என்றாள். "கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல."

மறுநாள் விடியும்போது இருவரும் தோப்பில் இருந்தார்கள். அவர் தூளிக்குப் பக்கத்தில் யாரோ இரண்டு குட்டித் தூளிகள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். மரத்தில் மஞ்சளும் பூசியிருந்தது. யுவராணி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெளிச்சம் பாறைமேல் விழுந்தபோது குஞ்சு விளிம்பில் நின்றிருந்தது. எதிர்ப் பாறையில் தாய் உட்கார்ந்து, காலில் எலியை வைத்துக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டது. குஞ்சு சிறகை விரித்து அடித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது. ரஞ்சித்குமார் விரலைப் பொத்தான்மேல் வைத்தார். இன்னும் சில நிமிஷம்தான் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது.

அப்போது பெரியம்மாள் ஓடிவந்தாள். பின்னால் மூன்று நான்கு பெண்கள்.

"சார், ஏரிக்கரையப் பாருங்க. வந்துட்டானுங்க."

அவர் கண்ணை எடுக்கவில்லை. கிழக்கே, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரைமேல் மூன்று கால் ஒன்று நிற்கிறது, கூட ஆட்கள் நிற்கிறார்கள், செவப்பாக ஏதோ ஆடுகிறது என்று அவள் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"எங்க கண்ணுக்குச் சரியாத் தெரியல. உங்க கொழாயில பாத்துச் சொல்லுங்க சார்."

"அஞ்சு நிமிஷம்க்கா. தோ பறக்கப் போவுது."

"அஞ்சு நிமிஷத்துல கல்லு நட்டுருவானுங்க."

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் அவருக்கு வந்தது கோபம்தான். வேறு நேரமே கிடைக்கவில்லையா இந்தப் பெண்பிள்ளைக்கு என்று பல்லைக் கடித்தார். லென்ஸுக்குள் குஞ்சு திடீரென்று நடுங்க ஆரம்பித்தது. கண்ணை எடுத்துப் பார்த்தார். பெரியம்மாள் ஒரு கையால் தூளிப் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நடுக்கம்தான் புடவை வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மூன்று கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அளந்துக்க என்று சொன்ன அதே பெண்பிள்ளை.

ஒரு விரலால் தள்ளினார். தூளி சுகமாகத் திரும்பிக் கிழக்கே பார்த்தது.

ஏரிக்கரையில் ஒரு பெண் நின்றாள். தரையில் பத்தடி புரளும் சிவப்பு கவுன். அதன் நுனியை ஒருவன் தூக்கித் தூக்கிக் காற்றில் விட்டான். கோட்டு போட்ட மாப்பிள்ளை மண்டி போட்டிருந்தான். மூன்று கால் மேல் வீடியோ கேமரா.

"கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கற வீடியோக்கா. பொண்ணு மாப்பிள்ள. வேற ஒண்ணும் இல்ல," என்றார்.

பெரியம்மாள் நம்பவில்லை. அவளே குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியவள் போல இருந்தாள். விலகிப் போய் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

அவள் பார்த்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தூளிக்கு முன்னால் வரிசை நின்றது.

"யாரு வூட்டுப் பொண்ணுடி அது?"

"அவன் எதுக்கு மண்டி போட்டுனு இருக்கறான்?"

"கால்ல முள்ளு குத்தியிருக்கும்."

"டீச்சர், நீங்களும் பாருங்க. துணிதான் எவ்ளோ வீணு," என்று ஒருத்தி இழுக்க, யுவராணியும் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

ரஞ்சித்குமார் லென்ஸைத் திரும்பக் கேட்க வாயைத் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பெரியம்மாள் சாவகாசமாகச் சொன்னாள்:

"தோ, போயிருச்சு."

கழுத்துப் பட்டையோடு சட்டென்று திரும்ப முடியுமா? காலை மாற்றி, இடுப்பைத் திருப்பி, தோளைத் திருப்பி, கடைசியாக முகம் பாறைப் பக்கம் வந்தபோது விளிம்பு காலியாக இருந்தது. எதிர்ப் பாறையில் தாயும் குஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எலியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

வரிசை கலைந்தது. யுவராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயதில், இத்தனை பெண்களுக்கு நடுவில் அழக் கூடாது என்பதால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏரிக்கரையையே பார்த்தார்.

"என்னாலதான் போச்சு," என்றாள் பெரியம்மாள். "நாளைலேர்ந்து அந்த மூணு காலக் கொண்டாந்து வெச்சுக்கங்க சார். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இனிமே எதுக்குக்கா? பறந்துருச்சே."

அவள் பாறையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு வரப்பு மேட்டில் ஏறினாள்.

"எப்பிடிப் போச்சுன்னு நான் காட்டறன். மொதல்ல இப்பிடி எட்டிப் பாத்துச்சு. பின்னால நவுந்துச்சு. அதோட ஆத்தாவ ஒரு பார்வ பாத்துச்சு. அப்புறம் கண்ண மூடிக்கிச்சா என்னான்னு தெரியல..."

முந்தானையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக் கைகளை விரித்தாள். பயந்தாள். மடக்கினாள். மறுபடி விரித்து, மேட்டிலிருந்து குதித்தாள். குதித்த வேகத்தில் நாலடி தள்ளாடிப் போய், மாமரத்தைக் கட்டிப் பிடித்து நின்றாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யுவராணிகூடச் சிரித்துவிட்டாள்.

ரஞ்சித்குமார் சிரிக்கவில்லை. கேமராப் பக்கமும் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி காட்டுங்கக்கா," என்றார்.

"போங்க சார், நீங்க ஒருத்தரு," என்று சொல்லிக்கொண்டே பெரியம்மாள் மறுபடியும் மேட்டில் ஏறினாள்.